தண்ணீருக்கு அடியில் ஒரு வயல்... வேங்கிக்கால் ஏரி முதல் பாக் விரிகுடா வரை!

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். பட்டா மாற்றம், சான்றிதழ், குறைதீர் மனு என்று ஏதோ ஒரு வேலைக்காக மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் மக்கள் வந்துபோகும் ஊர் இது. இந்த ஊருக்கு ஓர் ஏரியும் உண்டு. மழைக்காலத்தில் நிரம்பித் தளும்பும்போது எல்லோரும் நின்று பார்ப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். தண்ணீர் வற்றிவிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

விவசாயிகளுக்கு மட்டும் கதையே வேறு. ஏரி வற்றினால்தான் அவர்களுடைய பொருள் வெளியே தெரியும். அதுதான் வண்டல்.

வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணை டிராக்டரில் ஏற்றி வயலில் கொட்டுவது தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வேலை. அரசும் இதற்கு வழி செய்திருக்கிறது. ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க 2024-ல் விதிகள் எளிதாக்கப்பட்டன. கட்டணம் கிடையாது, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கும். நன்செய் என்றால் ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய் என்றால் 90 கனமீட்டர். பானை செய்பவர்களும் களிமண் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் கிடந்த அந்த மண்ணை விவசாயி ஒருநாளும் குப்பையாக நினைத்ததில்லை. அது மண், அதுவும் நல்ல மண் என்று அவருக்குத் தெரியும். ஆனால், 'தண்ணீருக்குக் கீழே இருப்பதும் மண்தான்' என்று உலகின் பெரிய மண் அறிவியல் அமைப்பு ஒன்று புத்தகத்தில் எழுதி ஒப்புக்கொள்வதற்கு 1999 வரை ஆனது!

இப்போது அதே பார்வையோடு கடலோரத்தின் ஆழமில்லாத நீர்ப்பகுதிகளையும் வயலைப் போலவே அளந்து, தோண்டி, வகைபிரித்து வரைபடம் போடுகிறார்கள். அந்த வரைபடம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு ஏன் தேவை என்பதற்கான பதில் பிச்சாவரத்திலும் பழவேற்காட்டிலும் பாக் விரிகுடாவிலும் இருக்கிறது.

ஏரிக்குள் இருக்கும் வரைபடம்

கடலுக்குப் போகும் முன் ஏரியையே இன்னொரு முறை பார்த்துவிடலாம். ஏனென்றால் கதையின் அரிச்சுவடி இங்கேதான் இருக்கிறது.

வெள்ளம் ஏரிக்குள் நுழையும் இடத்தில் அதன் வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மணல் அங்கேயே விழுந்துவிடும. அதைவிட நைசான மண் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். மாவு போன்ற களி, நீர் அசையாமல் நிற்கும் கரைப்பக்கம் வரை வந்து மெதுவாக அடியில் படியும். ஆக, நீர்வரத்துப் பக்கம் ஒரு மண், மதகுப் பக்கம் இன்னொரு மண். ஒரே ஏரி, ஆனால் ஒரே மண் கிடையாது.

மேலிருந்து கீழாகவும் அப்படித்தான். மேலே வண்டல். அதற்குக் கீழே பல வருடங்களாக இறுகிப்போன களி அடுக்கு. பல ஏரிகளில் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைப்பது இந்த அடுக்குதான். வண்டல் எடுக்கிறேன் என்று அளவுக்கு மேல் தோண்டி இதை உடைத்துவிட்டால், அடுத்த மழையில் ஏரி நிரம்பும், ஆனால் நிற்காது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையே பலவீனமாகும். அதனால்தான் எங்கே, எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று கணக்கு வைக்கிறார்கள்.

எந்த இடத்தில் என்ன மண், எத்தனை அடி ஆழத்தில் அது மாறுகிறது என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் நீரடி மண் வரைபடம். ஏரியில் இதைக் கோடையில் இறங்கி நேரில் பார்த்துவிடலாம். கடல் வற்றாது. அங்கேதான் சிக்கல்.

மேரிலாந்தில் ஒருவர் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மேரிலாந்து மாநிலம் இருக்கிறது. அங்கே வேளாண்மைத் துறையின் மண் ஆய்வாளராக இருந்தவர் ஜார்ஜ் டெமாஸ். ஊர் ஊராகப் போய் நிலத்தில் குழி தோண்டி, மண்ணின் அடுக்குகளைப் பார்த்து, வரைபடத்தில் குறிப்பதுதான் அவருடைய வேலை. அந்த வரைபடங்கள் எல்லாம் கடற்கரை வந்ததும் நின்றுவிடும். அதற்கு அப்பால் 'நீர்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

கரையில் இருக்கும் மண் தண்ணீரைத் தொட்டதும் மண்ணாக இருப்பதை நிறுத்திவிடுகிறதா என்ன? டெமாஸ் 1993-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிறகு மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ராபென்ஹார்ஸ்டோடு சேர்ந்து, சைனபக்சென்ட் என்ற ஆழமில்லாத விரிகுடாவின் அடிமண்ணை வயலைப் போலவே ஆராய்ந்தார். 1998-ல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வானது.

அவர் கண்டது இதுதான்: கடலடியில் கிடப்பது எங்கிருந்தோ அடித்து வந்து கொட்டிய வெறும் படிவு மட்டும் கிடையாது. அங்கேயும் செடி வேர்விடுகிறது. புழுக்கள் துளைபோட்டு மேல் மண்ணைக் கீழேயும், கீழ் மண்ணை மேலேயும் கொண்டுபோகின்றன. மக்கிய இலை தழை சேர்கிறது. ரசாயன மாற்றங்களால் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று அடுக்குகள் உருவாகின்றன. நிலத்தில் ஒரு மண் உருவாக என்னென்ன நடக்குமோ, அவை இங்கேயும் நடக்கின்றன.

இப்படி யோசித்த முதல் ஆள் டெமாஸ் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரிய விஞ்ஞானி வால்டர் குபியேனா 1953-லேயே ஐரோப்பிய மண் வகைகளைப் பட்டியலிட்டபோது நீருக்கு அடியில் உள்ள மண்ணையும் சேர்த்திருந்தார். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. டெமாஸின் வேலைக்குப் பிறகுதான் கதவு திறந்தது. 1999-ல் வெளியான அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலின் இரண்டாம் பதிப்பு, 'மண்' என்ற சொல்லுக்கான விளக்கத்தையே மாற்றியது. வேர்விடும் செடிகள் வளரக்கூடிய ஆழம் வரை, அதாவது பொதுவாக 2.5 மீட்டர் ஆழ நீர் வரை, அடியில் இருப்பதும் மண்ணே என்று ஏற்றுக்கொண்டது. சுமார் எட்டு அடி. ஓர் ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேல்.

அதே 1999-ன் கடைசியில் டெமாஸ் இறந்துபோனார். அவர் ஆரம்பித்த வேலை நிற்கவில்லை. 2004-ல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பல்கலைக்கழகமும் அரசுத் துறைகளும் சேர்ந்து கடலோர நீரடி மண்ணை வரைபடமாக்கத் தொடங்கின. 2010-ல் நீரடி மண்ணுக்கென்றே தனி வகைகள் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பிடித்தன.

கடலில் எப்படிக் குழி தோண்டுவது?

முதல் வேலை ஆழம் பார்ப்பது. படகில் ஒலி மூலம் ஆழம் அளக்கும் கருவியும் ஜிபிஎஸ் கருவியும் இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக உழவு ஓட்டுவதுபோல் படகை ஓட்டி, ஆயிரக்கணக்கான இடங்களில் ஆழத்தைப் பதிவு செய்வார்கள். கடல் நீர் ஏறும், இறங்கும் என்பதால் அந்தந்த நேரத்து ஓதத்தின் அளவைக் கழித்துக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் அளந்த மேடு மாலையில் பள்ளமாகத் தெரியும்!

இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கும் மேடு பள்ளம் முழுவதும் படமாகக் கிடைத்துவிடும். மணல் திட்டு எது, வாய்க்கால் எது, நீர் அசையாத ஒதுக்குப்புறம் எது என்று தெரியும். ஒவ்வோர் அமைப்பிலும் ஒவ்வொரு வகை மண் இருக்கும் என்பது ஏரியில் பார்த்த அதே கணக்குதான்.

அடுத்து, மாதிரி எடுப்பது. கட்டடத்துக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டை இறுக்குவதற்கு ஒரு வைப்ரேட்டர் வைப்பார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே கருவியை நீளமான அலுமினியக் குழாயின் தலையில் கட்டுகிறார்கள். அதிர்வில் குழாய் அடிமண்ணுக்குள் மளமளவென்று இறங்கும். வாயை இறுக மூடி மேலே இழுத்தால் உள்ளே உருளையாக மண் வந்துவிடும். அதை நீளவாக்கில் பிளந்தால், கேக் துண்டுபோல அடுக்கடுக்காகத் தெரியும்.

பிறகு நடப்பது பெரும்பாலும் கை, கண், மூக்கு வேலை.

ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார்கள். விரலிடுக்கில் கூழாக வழிந்தால் அது பாரம் தாங்காத மண். நின்றால் உறுதியான மண். முகர்ந்து பார்ப்பார்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் உள்ளே காற்றில்லை, கந்தகம் இருக்கிறது என்று அர்த்தம். காயத்துக்குப் போடும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டு விடுவார்கள். கறுப்பு மண் சட்டென்று நிறம் மாறினால் இரும்பு சல்பைடு இருக்கிறது. உப்பின் அளவு பார்ப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பொறுமை தேவைப்படும் சோதனை ஒன்று உண்டு. மண்ணை ஈரம் காயாமல், காற்றுப் படும்படி 16 வாரம் வைத்திருந்து, அது புளிக்கிறதா என்று பார்ப்பது. மண் புளிக்குமா? புளிக்கும். அது எத்தனை பெரிய ஆபத்து என்பது கேரளத்தில் தெரியும்.

மண் புளித்தால் என்ன ஆகும்?

கடலோரச் சேற்றில் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து இரும்பு சல்பைடாகக் கிடக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. தூர்வாரி மேலே போட்டு, காற்றுப் பட்டுவிட்டால் அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். அந்த மண்ணில் செடி பிழைப்பது கஷ்டம். மழை பெய்து அமிலம் வழிந்தோடினால் அக்கம்பக்கத்து நீரில் மீனும் சாகலாம்.

கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. அங்கே 'கரி நிலம்' என்று அழைக்கப்படும் கறுத்த மண் பகுதிகள் இந்த வகைதான். நீர் தேங்கியிருக்கும்போது சாதுவாக இருக்கும் மண், காய்ந்ததும் அமிலமாகிவிடும். அதனால் சுண்ணாம்பு போட்டு, நீரை நிறுத்திக் கழுவி, பக்குவம் பார்த்துத்தான் அங்கே பயிர் செய்கிறார்கள்.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். ஓர் அறுவடை முடிந்ததும் குளத்தை வற்றவைத்து, அடிமண் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, காயப்போட்டு, தேவைக்கேற்பச் சுண்ணாம்பு இடுவார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இறால் குளத்து மண், நீர் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. ஆக, ஒரு குளத்தின் அடிமண்ணைப் பார்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. ஒரு விரிகுடாவின் அடிமண்ணைப் பார்க்கும் பழக்கம்தான் வர வேண்டும்.

பிச்சாவரம் கற்றுக்கொடுத்த பாடம்

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிச்சாவரத்தில் படகு ஏறாமல் திரும்புவது குறைவு. சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, இந்த அலையாத்திக் காட்டில் வளரும் தில்லை மரத்திலிருந்து வந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்தக் காடு, ஒரு காலத்தில் பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை விறகுக்காகவும் மரத்துக்காகவும் இங்கே ஒட்டுமொத்தமாக மரம் வெட்டும் முறை இருந்தது. ஒரு பகுதியை முழுதாக வெட்டுவார்கள், தானாகவே முளைத்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்தது, விறகு வெட்டினார்கள் என்று சுற்றியுள்ள மக்கள் மேல் பழி விழுந்தது.

சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து மண்ணைப் பார்த்தபோதுதான் உண்மைக் காரணம் தெரிந்தது. மரநிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் பட்டது. சேற்றின் ஈரம் காய்ந்து, மண் சுருங்கி, தரை கீழே இறங்கியது. நடுப்பகுதி தட்டுபோலக் குழிந்தது. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தின்போது வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் அது ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் அலையாத்திச் செடியே பிழைக்க முடியவில்லை.

காரணம் தெரிந்ததும் தீர்வும் கிடைத்தது. மீன் முள்போல நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதநீர் தடையில்லாமல் வந்துபோகத் தொடங்கியது. உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் கன்றுகள் நடப்பட்டன, வளர்ந்தன. முத்துப்பேட்டையிலும் இதே முறை கையாளப்பட்டது. 2004 சுனாமியின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஓரளவு காப்பாற்றப்பட்டன என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

சில அங்குல மேடு பள்ளமும் மண்ணின் உப்பும் ஒரு காட்டின் தலையெழுத்தை மாற்றியிருக்கின்றன. மண்ணைப் பார்க்காமல் கன்று மட்டும் நட்டிருந்தால், ஒவ்வொரு வருடமும் நட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

பூச்சி மணலும் முத்துப் பாரும்

அமெரிக்கர்கள் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே, தமிழ்நாட்டுக் கடலோடிகள் கடலடி மண்ணுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் தளங்களுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலாயிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. சிப்பிக் குஞ்சு பிடித்துக்கொள்ள உறுதியான தளம் வேண்டும். மணல் நகர்ந்து வந்து மூடிவிட்டால் அந்தப் பாரில் முத்துக் கிடையாது. சங்குக்கு இதற்கு நேர்மாறு. சங்கு வாழ்வது மணலில். சங்கு குளிப்பவர்கள் தேடிப்போவது 'பூச்சி மணல்'. சங்குக்கு இரையாகும் புழுக்கள் நிறைந்த நைசான மணல் அது. நூறு வருடங்களுக்கு முன் மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சங்குத் தொழிலைப் பற்றி எழுதியபோது, குளியாளிகளின் இந்த அறிவையும் பதிவுசெய்தார்.

யோசித்துப் பார்த்தால், பூச்சி மணல் என்ற ஒரே சொல்லில் மண்ணின் தன்மையும், அதில் வாழும் உயிரும், அதனால் கிடைக்கும் வருமானமும் சேர்ந்திருக்கின்றன. ஒரு மண் ஆய்வாளர் வரைபடத்தில் ஒரு வண்ணத்துக்கு எதிரே எழுதவேண்டிய விவரம் அதுதான்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதோடு தொழில் நின்றது. குளியாளிகள் வயதாகி மறைய மறைய, பார்களைப் பற்றிய அறிவும் அவர்களோடு போகிறது. எந்தக் காகிதத்திலும் ஏறாத வரைபடம் அது.

பழவேற்காட்டிலும் இப்படித்தான். ஏரியின் பெரும்பகுதி ஆள் உயர ஆழம்கூடக் கிடையாது. அதாவது, கிட்டத்தட்ட முழு ஏரியும் அந்த 2.5 மீட்டர் வரம்புக்குள்தான். இங்கே மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. எந்த இடத்தில் இறால் வரும், எந்த இடத்தில் வலைக்கம்பு நிற்கும் என்பதெல்லாம் நீரோட்டத்தையும் அடிமண்ணையும் பொறுத்தது. சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் விரல்களுக்கு அந்த மண் அத்துப்படி. முகத்துவாரம் மணலால் அடைபடும்போதும், கழிவு வந்து படியும்போதும் முதலில் மாற்றத்தை உணர்வது அவர்கள்தான். ஆனால் அவர்களிடம் காட்டுவதற்கு வரைபடம் கிடையாது. அதிகாரிகள் முன்னால் 'முன்பு இங்கே இப்படி இல்லை' என்று வாய்வார்த்தையாகத்தான் சொல்ல முடிகிறது.

ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம்

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பல இடங்களில் பத்து மீட்டருக்கும் குறைவு. வெயில் அடிவரை எட்டுவதால் கடற்புல் படர்ந்து வளர்கிறது. அந்தப் புல்லை மேய்ந்து வாழும் உயிர்தான் கடல்பசு. நம் கடலோர மக்கள் சூட்டிய பெயர் ஆவுளியா. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கடற்புல் என்பது பாசி கிடையாது. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி. அதனால் அதற்கு மண் வேண்டும். அலையில் நகர்ந்துகொண்டே இருக்கும் மணலில் வேர் பிடிக்காது. கூழான சேறு என்றால் கலங்கல் அதிகமாகி வெயில் கிடைக்காது. கந்தகம் மிகுந்தால் வேர் அழுகும். அழிந்துபோன இடங்களில் மூங்கில் சட்டமும் தேங்காய்நார்க் கயிறும் வைத்துக் கடற்புல்லை மறுபடி நடும் முயற்சிகள் பாக் விரிகுடாவில் நடக்கின்றன. எந்த இடத்தில் நட்டால் பிழைக்கும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. நாற்று நடும் முன் வயல் எது என்று தெரிய வேண்டும் அல்லவா?

இந்தப் புல்வெளி இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். புல்லின் அடியில் உள்ள சேறு, காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கார்பனைப் பல காலம் புதைத்து வைத்திருக்கும் கிடங்கு. அடியை உரசிச் செல்லும் இழுவலை இதைக் கிளறிவிடும்போது, மேல் அடுக்கு கலைந்துபோகிறது. மண்ணின் பார்வையில் பார்த்தால், முளைத்துவரும் பயிரின் மேல் மறுபடி மறுபடி ஏர் ஓட்டுவதைப் போன்றது அது.

2005-ல் தொடங்கிப் பாதியில் நின்ற சேதுசமுத்திரத் திட்டத்தின்போதும், அரசியலைத் தாண்டி, மண் சம்பந்தமான கேள்விகள் எழுந்தன. வெட்டியெடுக்கும் மண்ணை எங்கே கொட்டுவது? அது நீரோட்டத்தில் கலைந்து மறுபடி கால்வாய்க்குள்ளேயே வந்து படியாதா? துறைமுகம், மீன்பிடி இறங்குதளம், தூண்டில் வளைவு என்று கடலோரத்தில் எது கட்டினாலும் இந்தக் கேள்விகள் வரும்.

கரை வரை வந்து நிற்கும் வரைபடம்

இந்தியாவில் மண் ஆய்வு புதிதில்லை. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் 1976 முதல் நாட்டின் மண் வகைகளை வரைபடமாக்கிவருகிறது. 2015-ல் வந்த மண்வள அட்டை இன்று பல விவசாயிகளின் வீட்டில் இருக்கிறது.

கடல் பக்கமும் வேலை நடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் கடல் பிரிவு கடலடிப் படிவுகளை ஆராய்கிறது. கப்பல் செல்வதற்கான வரைபடங்களைக் கடற்படையின் நீர்ப்பரப்பு அலுவலகம் வெளியிடுகிறது. அந்த வரைபடங்களில் ஆழத்தின் அருகே 'எஸ்' என்று ஆங்கில எழுத்து இருந்தால் அடியில் மணல், 'எம்' என்றால் சேறு. நங்கூரம் எங்கே பிடிக்கும் என்று மாலுமிக்குத் தெரிய வேண்டுமே! சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான மாற்றங்களைப் பார்த்து, இந்தியக் கடற்கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது.

நிலத்துக்கு ஒரு வரைபடம், கப்பலுக்கு ஒரு வரைபடம், கரைக்கு ஒரு கணக்கு. இடையில் இருப்பது கரையிலிருந்து ஆள் ஆழம் வரையிலான அந்தக் குறுகிய நீர்ப்பகுதி. பெரிய கப்பல் அங்கே வராது. டிராக்டரும் போகாது. அதை வயல்போல மண் வகை வாரியாகப் பிரித்து வரையும் வேலை இங்கே இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. கடற்புல்லும் அலையாத்தியும் மட்டியும் இறாலும், அவற்றை நம்பிச் சிறு படகோடு வாழும் குடும்பங்களும் இருப்பது அங்கேதான்.

இப்படி ஒரு வரைபடம் இருந்தால் என்ன லாபம்? தூர்வாரும் முன், அந்த மண் மேலே வந்தால் புளிக்குமா என்று தெரியும். அலையாத்தி நடும் முன், எந்த இடத்தில் வாய்க்கால் வேண்டும் என்று தெரியும். முக்கியமாக, ஒரு மீனவர் 'எங்கள் பாடு கெட்டுவிட்டது' என்று சொல்லும்போது, முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கும்.

மலையிலிருந்து கடலுக்கு

வேங்கிக்காலில் நிற்பவருக்குக் கடல் வெகுதூரம். ஆனால் இந்த மாவட்டத்து மண்ணுக்குக் கடல் தூரம் கிடையாது. செய்யாறு ஓடிப்போய்த் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கல்பாக்கம் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. சாத்தனூர் அணையைத் தாண்டும் தென்பெண்ணை, கடலூரில் கடலைத் தொடுகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது இதை எல்லோரும் பார்த்தார்கள். திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு சுமார் 1.68 லட்சம் கனஅடி நீர் திறக்கப்பட்டது. செம்மண் கலந்து பழுப்பாக ஓடிய அந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போனது. வெள்ளம் சுமந்துபோன மண் எங்கே? கொஞ்சம் வயல்களில் படிந்தது, கொஞ்சம் ஆற்றில், மீதி கரையோரக் கடலின் அடியில். அங்கே அது மெல்ல மெல்ல இன்னொரு மண்ணாக மாறிக்கொண்டிருக்கும். புழு துளைக்கும், புல் வேர்விடும், இறால் ஒதுங்கும்.

அணை கட்டி நிறுத்தினால் அந்த மண் போகாது, கரை அரிக்கும். மலையில் மரம் போனால் அளவுக்கு மேல் மண் போகும், கடற்புல் மூடிப்போகும். மேட்டில் இருப்பவர்கள் செய்வது பள்ளத்தில் இருப்பவர்களுக்கு வந்து சேர்கிறது.

அடுத்த கோடையில் ஏரி வற்றும்போது வண்டல் எடுக்க அனுமதி வாங்கும் விவசாயி, எடுத்த மண்ணில் ஒரு கைப்பிடியை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கும் கொண்டுபோகலாம். ஊரை ஒட்டிய ஏரி என்றால் இது இன்னும் அவசியம். தண்ணீருக்கு அடியில் என்னென்ன வந்து சேர்ந்திருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஏரியானாலும் சரி, கடலானாலும் சரி, இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.